முசலிக் கரையில் மெக்சிக்கோ ரொட்டி

உணவைப் பற்றி எழுதப் புகுந்த நாள் முதலாக நமக்கு வரும் கடிதங்களுட் பாதி, "பழைய உணவே நல்லுணவு, புதியனவற்றைப் புகழ்ந்து பிள்ளைகளைக் கெடுக்காதீர்" என்று எச்சரிப்பவை. மறுபாதி, "எந்நாளும் பிட்டும் சொதியுந்தானா?" என்று சலித்துக்கொள்பவை. முன்னவை பெற்றோரிடமிருந்தும் பின்னவை மாணவரிடமிருந்தும் வருகின்றன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இவ்விரு கட்சியும் ஒரே வீட்டில், ஒரே பாயில், எதிரெதிரே அமர்ந்திருக்க, நடுவே நாம் கை நனைக்க நேர்ந்த கதையை இவ்வாரம் சொல்லப் போகிறோம்.

மன்னாரிலிருந்து தள்ளாடி, வங்காலை வழியாகத் தெற்கே செல்லும் கரையோரப் பாதையில் அருவியாற்றைக் கடந்ததும் அரிப்பு, அதற்கப்பால் சிலாவத்துறை. இடையில் கடலோரத்தில் இடிந்து நிற்பது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகை. ஊரார் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். ஆண்டுதோறும் கடல் அதனைச் சிறிது சிறிதாகத் தின்று வருகிறது. அதனைக் காணும்போதெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்வது நம் வழக்கம். இம்முறை நிறுத்தவில்லை. பசி.

நம்மை அழைத்தவர் சிலாவத்துறையில் வாழும் ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் மூத்த மகன். நான்காண்டுகள் துபாயில் சமையற்காரராக இருந்தவர். அங்கே அவர் பணிபுரிந்த உணவுச்சாலை யப்பானிய உணவையும் மெக்சிக்கோ உணவையும் ஒன்றாகக் கலந்து பரிமாறுவது. பெருநகரங்களில் இப்போது இத்தகைய சாலைகள் பெருகிவிட்டன. சேர்த்த பணத்துடன் ஊர் திரும்பிய பிள்ளை, வீதியோரத்துக் குடும்பக் காணியில் அதுபோன்றதொரு சிறு கடை வைக்க விரும்புகிறார். தந்தையார் இணங்கவில்லை. "மாஸ்டர் வந்து சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்" என்று இருவரும் உடன்பட்டனராம். அறிவுள்ளவர் எவரும் ஏற்காத பதவி தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடுவராவது. ஆயினும் அறக்குளா மீன் என்று கடிதத்தில் எழுதியிருந்தமையால் புறப்பட்டு விட்டோம்.

தாக்கோ என்பது யாதெனில், சோளன் மாவில் உள்ளங்கையளவாகத் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டியின் நடுவே இறைச்சியோ மீனோ அவரையோ வைத்து, மேலே உறைப்பான சாந்து இட்டு, இரண்டாக மடித்துக் கையால் உண்பது. மெக்சிக்கோவில் தெருக்கடைதொறும் விற்பது. நம் இளைஞர் அதனுள் வைத்தது யப்பானியர் முறைப்படி மெல்லிய மாக்கரைசலில் தோய்த்துப் பொரித்த அறக்குளாத் துண்டு. அதன்மேல் மெல்லிதாய் அரிந்த கோவா. அதற்கும் மேல் பச்சைக் கொச்சிக்காயும் தக்காளியும் வெங்காயமும் சேர்த்து இடித்துத் தேசிக்காய்ப் புளி பிழிந்த சம்பல். யப்பானியச் சமையலில் இனிப்புக்காகச் சேர்க்கும் அரிசி மதுவை இவர் அடுப்பங்கரையில் அனுமதிப்பதில்லை. அதற்கு ஈடாகப் பனங்கட்டிப் பாகும் சோயாச் சாறும் கலந்து காய்ச்சியிருந்தார்.

முதல் வாய் நன்றாக இருந்தது. இரண்டாம் வாயும் அவ்வாறே. மூன்றாவதை எடுத்தபோது, வாசற்படியில் வெறுஞ்சோற்றுக் கோப்பையுடன் அமர்ந்திருந்த தந்தையார் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். கை சற்றுத் தயங்கியது உண்மை.

ரொட்டியைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். இளைஞர் முதலில் கடையில் வாங்கிய சோளன் மாவை நீர் விட்டுக் குழைத்துத் தட்டியிருக்கிறார். கல்லில் இட்டதும் பாளம் பாளமாக வெடித்து விட்டது. துபாயிலோ மா பொதியில் வந்தது. அதற்கு முன் அது பட்ட பாடு யாதென்று எவரும் அவருக்குச் சொல்லவில்லை. பின்பு விசாரித்தறிந்தார்: மெக்சிக்கோ மக்கள் சோளனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஓரிரவு ஊறவைத்து, தோல் கழற்றிக் கழுவிய பின்னரே அரைக்கின்றனர். ஊரில் சுண்ணாம்புக்கு எங்கே போவது? மூலையில் அமர்ந்திருந்த பாட்டியார் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்புக் கரண்டகத்தை எடுத்து நீட்டினாராம். "இதுக்கா இந்தப் பாடு?" என்று கேட்டாராம். மறுநாட் காலை சோளன் தோல் விரலுக்கே கழன்றது. அம்மியில் அரைத்த மா களிமண்போல் ஒட்டிக்கொண்டது. ரொட்டி மடித்தால் முறியவில்லை.

இது வெறும் சமையற் சூட்சுமம் அன்று. மெக்சிக்கோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது சோளன். 1492-க்குப் பின் ஐரோப்பியர் அதன் விதையைக் கொண்டு சென்றனர்; சுண்ணாம்பைக் கொண்டு செல்லவில்லை. சுண்ணாம்பிடுவது நாகரிகமற்றோர் பழக்கம் என்று எண்ணினர் போலும். விளைவு, சோளனையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே தோல் வெடித்து, வயிறு கழிந்து, சித்தம் கலங்கும் ஒரு கொடிய நோய் பரவிற்று. 1735-இல் ஸ்பானிய மருத்துவர் கஸ்பார் கசால் அதனை முதன்முதலாக விவரித்தார். பெலக்ரா என்பது அதன் பெயர். சோளனில் உள்ள நயசின் என்னும் உயிர்ச்சத்தைச் சுண்ணாம்பு நீர் விடுவித்தாலன்றி உடல் அதனை ஏற்பதில்லை. அச்சத்தின்மையே நோய்க்குக் காரணம் என்பது 1937-இல் அமெரிக்க அறிஞர் கொன்ராட் எல்வெஜெம் செய்த ஆய்விற்குப் பின்னரே தெளிவாயிற்று. இருநூறு ஆண்டுகளாக எத்தனை உயிர்கள்! மெக்சிக்கோக் கிழவி ஒருத்தியைக் கேட்டிருந்தாற் போதும். சிலாவத்துறைப் பாட்டியைக் கேட்ட நம் இளைஞர் இவ்வகையில் ஐரோப்பியரினும் அறிவாளி.

இனி, தந்தையாரின் வழக்கிற்கு வருவோம். அவர் கடுஞ்சொல் பேசுபவர் அல்லர். ஆனால் உணவு முடிந்து தேநீர் வந்ததும் வாய் திறந்தார்.

"யப்பான்காரன் வளர்ப்பு முத்தைக் கொண்டுவந்து நம்ம கடலைத் தரிசாக்கினான். இப்ப அடுப்பையும் பிடிக்க வாறானா, மாஸ்டர்?"

இக்கேள்வியை நகைத்துத் தள்ள நம்மால் இயலவில்லை. முசலியில் எவரும் முத்தை மறந்து பேசுவதில்லை. 1905-இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பே வரலாற்றிற் பெரியது. 318 வள்ளங்கள், ஏறக்குறைய 5,000 முத்துக்குளிப்போர், 47 நாள்களில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள். கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வந்தோர் ஓலைக் கொட்டில்களில் ஒரு நகரையே எழுப்பியிருந்தனர். அவ்வளவு பேரும் நாள்தோறும் உண்டாக வேண்டும் என்பதை வரலாறு எழுதுவோர் ஏனோ கவனிப்பதில்லை. அராபியனின் ரொட்டியும் கீழக்கரையாரின் கறியும் பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் வெந்திருக்க, ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் போகாதிருந்திருக்குமா?

ஆனால் முத்து அழிந்ததற்கு யப்பானியர்மேற் பழி சுமத்துவது முழு நியாயம் ஆகாது என்று தந்தையாருக்கு எடுத்துரைத்தோம். மிக்கிமோட்டோ கோக்கிச்சி என்பார் 1893-இல் அரைவட்ட முத்தை வளர்த்தெடுத்தார் என்பது மெய். உருண்டை வளர்ப்பு முத்து உலகச் சந்தைக்கு வந்ததோ 1920-ஐ ஒட்டியே. நம் பார்கள் அதற்கு முன்பே வெறுமையாகிவிட்டன. 1906-இல் ஆங்கில அரசு அவற்றை இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டன் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குப் பின் சிப்பி இல்லை. 1925-இல் ஒரு குளிப்பு நடந்தது. அதன் பின் அத்தகைய பெருங்குளிப்பு நிகழவேயில்லை. அளவின்றி அள்ளியதும், கடலின் இயல்பும் சேர்ந்து செய்த வினை அது. யப்பானியன் வந்தபோது கடை ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது.

மற்றொன்றும் சொன்னோம். இதே கதை மெக்சிக்கோவிலும் நடந்திருக்கிறது. அந்நாட்டின் மேற்குக் கரையில் லா பாஸ் என்னும் துறை முத்துக்குப் பேர்போனது. ஸ்பானியர் 1535-இல் அங்கே இறங்கினர்; நானூறு ஆண்டுகள் அங்கே முத்து அள்ளப்பட்டது; 1930-களின் இறுதியில் சிப்பி அருகிப்போயிற்று. ஆகவே அல்லிராணிக் கோட்டைக்கு முன்னால் நின்று பெருமூச்சு விடும் நம் முசலியாருக்கு உலகின் மறுபுறத்தில் ஓர் உறவினர் உண்டு. தந்தையார் இதைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அங்கேயும் அல்லிராணி இருந்தாவா?" என்றார் பின்பு.

யப்பானும் மெக்சிக்கோவும் எங்ஙனம் கூடின என்று மாணவர் கேட்கக்கூடும். துபாயில் அல்ல. 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது ஆண்டுகள் ஸ்பானியக் கப்பல்கள் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடின. 1614-இல் ஹசெக்குரா சுனெனாகா என்னும் யப்பானியப் பிரபு, தம் நாட்டிற் கட்டிய கப்பலிலேயே அக்கபுல்கோவை அடைந்தார். அதே மணிலாக் கப்பல் வழியாகத்தான் நம் நாட்டுப் புளியும் மாம்பழமும் மெக்சிக்கோ சென்றன. இன்று அந்நாட்டார் புளிக்கரைசலில் சீனி கலந்து குடிப்பதைத் தம் முன்னோர் பானம் என்றே எண்ணுகின்றனர். எண்ணட்டும்! நாம் மிளகாயைப் பற்றி எண்ணுவதும் அவ்வாறே அன்றோ?

மிளகாய் மெக்சிக்கோவிலிருந்து வந்தது. தக்காளியும் அவ்வாறே, பப்பாசியும் அப்பக்கத்ததே. போர்த்துக்கேயர் வரும்வரை நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே அறிந்திருந்தனர். மிளகைப்போல் உறைத்த காய் மிளகாய் ஆயிற்று. முசலி முஸ்லிம் வீடுகளில் அதனைக் கொச்சிக்காய் என்கின்றனர். கொச்சித் துறையின் நினைவு அப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதென்று கொள்வது பொருந்தும். இன்னொரு சொல்லையும் பாருங்கள். போர்த்துக்கேயர் 1560-இல் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று பாண். யப்பானியரும் போர்த்துக்கேயரிடமே கற்று அதனைப் பான் என்கின்றனர். மெக்சிக்கோவிலும் ஸ்பானிய மொழியில் அது பான். மன்னாரையும் யப்பானையும் ஒருவரே பிணைத்ததும் உண்டு: 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மன்னார்க் கரையோரிடையும் மதிப்புப் பெற்ற பிரான்சிஸ் சவேரியார்தாம் 1549-இல் யப்பானின் ககோஷிமாவில் இறங்கினார்.

கலப்புணவு என்றதும் பணக்காரர் விளையாட்டு என்று நினைப்போர் உளர். நாமும் அவ்வாறு நினைத்ததுண்டு. ஆனால் இவ்விரு நாடுகளின் கலப்பைத் தேடிப் படித்தபோது கண்டது வேறு. யோஷிகெய் நாகத்தானி என்னும் யப்பானியர் 1932-இல் மெக்சிக்கோ நகருக்கு வந்து சிப்பியோட்டில் பொத்தான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போர்க்காலத்தில் அவ்வேலை போயிற்று. மனைவியோடு வீட்டிலேயே இனிப்புச் செய்து விற்கத் தொடங்கியவர், 1945-இல் கச்சானுக்கு மாவும் சோயாச் சாறும் பூசி வறுத்தார். இன்று மெக்சிக்கோவில் அதனை உண்ணாத சிறுவர் இல்லை. யப்பான் கச்சான் என்பது பெயர். யப்பானிலோ அப்படியொரு பண்டம் இருந்ததேயில்லை! ஒக்கினாவாத் தீவில் கின் என்னும் ஊரில், அமெரிக்கப் படைமுகாமுக்கு அருகே, கிபோ மட்சுசோ என்பவர் 1984-இல் தாக்கோவின் உள்ளீட்டைச் சோற்றின்மேல் இட்டு விற்றார். வயிறு நிறைய வேண்டும், விலை குறைய வேண்டும் என்பதே நோக்கம். வேலையிழந்தவனும் சிறு கடைக்காரனுமே இக்கலப்பைச் செய்திருக்கின்றனர்.

நாம் இவ்வாறு பேசிக்கொண்டிருக்க, அடுத்த கட்டமாகத் தட்டில் ஒரு சிறு சம்பல் வந்தது. யப்பானியர் சூரை மீனை அவித்து, புகையூட்டி, கல்லைப்போல் உலர்த்திச் சீவிப் பயன்படுத்துவர். கட்சுவோபுஷி என்பது அதன் பெயர். அவர்களது சாறுகளுக்கெல்லாம் அதுவே உயிர். அச்சுவையின் காரணத்தை ஆராய்ந்து 1913-இல் கொடாமா ஷிந்தாரோ என்பவர் கண்டறிந்தார். அதற்கு ஐந்தாண்டு முன்னரே இக்கேதா கிக்குனாயே கடற்பாசியில் அத்தகைய சுவையைக் கண்டு அதற்கு உமாமி என்று பெயரிட்டிருந்தார். துபாயில் இளைஞர் அதனை முதன்முதல் முகர்ந்தபோது, "இது எங்கள் மாசியல்லவா!" என்று கூவினாராம். மாலைதீவார் நமக்கு அனுப்பும் மாசிக்கருவாடும் அவித்து, புகையூட்டி, உலர்த்திய சூரையே. பூஞ்சணம் ஏற்றிப் பதப்படுத்தும் கடைசிப் படி ஒன்றே யப்பானியருக்கு உரியது. ஆகவே விலையுயர்ந்த யப்பானியப் பொருளுக்குப் பதிலாக மாசியை இடித்து, மாங்காய் சீவிச் சேர்த்து வைத்திருந்தார்.

தந்தையார் அதனை மட்டும் எடுத்துச் சோற்றில் இட்டுக்கொண்டார். "இது உன்ர யப்பான் சாப்பாடு இல்ல. இது நம்ம முசலிச் சம்பல். என்ர உம்மா காலத்துச் சம்பல்" என்றார் வெற்றியோடு.

இதுவரை பேசாதிருந்த தாயார் அடுப்பங்கரை நிலையில் நின்றபடி, "மாசிச் சம்பலுக்கு மாங்காய் போடுறது உங்கட உம்மாட்ட படிச்சதில்ல. புத்தளத்துல முகாம்ல இருக்கக்குள்ள பக்கத்துக் கொட்டில் பொம்பிள சொல்லித் தந்தது" என்றார்.

அவ்வீட்டில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் ஆணையால் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்க் கரையோர் வள்ளங்களில் கற்பிட்டி சென்று இறங்கினர். இருபதாண்டுகளாய்ப் புத்தளம் பகுதியில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தனர். போர் முடிந்த 2009-க்குப் பின்னரே முசலிக்குத் திரும்பலாயினர்; வந்து பார்த்தபோது வீடிருந்த இடத்தில் காடு. இம்மகன் பிறந்ததும் முகாமிலேதான். ஊர்ச்சுவை என்று தந்தையார் இத்தனை காலமும் காத்து வந்தது எது? அதில் எவ்வளவு முசலி, எவ்வளவு புத்தளம்? அவருக்கும் தெரியாது, பிரித்தறியவும் இனி ஒருவராலும் இயலாது. புதியதொன்றை அவர் அஞ்சியது ஏன் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர் மறுமுறை இழக்க விரும்புவாரா? நாம் முத்தும் கப்பலும் பேசியது அவ்வச்சத்துக்கு மருந்தாகாது. சற்று வெட்கினோம்.

ஆயினும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பொரித்த அறக்குளா மடிப்புக்கு நாம் முழு மதிப்பெண் கொடுத்தோம். மாசி மாங்காய்ச் சம்பலை ரொட்டிக்குள் வைத்தால் இன்னும் நன்று என்றோம். மூன்றாவதாக அவர் கொணர்ந்ததை ஏற்கவில்லை: தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்த பச்சை மீன். புளி, மீனின் நிறத்தை வெளுக்கச் செய்யும், சதையை இறுக்கும், ஆனால் புழுவையும் கிருமியையும் வெந்நெருப்பைப்போல் கொல்லாது. வெயில் கொளுத்தும் ஊரில், பனிக்கட்டி நம்பத்தகாத இடத்தில், பள்ளிப் பிள்ளைகள் வந்து உண்ணும் கடையில் அதற்கு இடமில்லை. முட்டையும் எண்ணெயும் சேர்த்துக் கடைந்த மயொனேஸ் என்னும் வெண்சாந்தையும் அவ்வாறே தள்ளினோம். இளைஞர் முகம் வாடிற்று. இருப்பினும் ஒப்புக்கொண்டார். விலையைப் பற்றியும் கேட்டோம். துபாய்க் கணக்கை மனத்தில் வைத்து அவர் சொன்ன விலையில், சிலாவத்துறையில் மூன்று பேருக்கு மதியச் சோறு கிடைக்கும். அதையும் திருத்தச் சொன்னோம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ரொட்டியின் முறை: உலர்ந்த சோளன் ஒரு கிலோவுக்குத் தூய வெற்றிலைச் சுண்ணாம்பு பத்துக் கிராம், நீர் மூன்று லீற்றர். மணமோ நிறமோ சேர்க்காத சுண்ணாம்பாக இருத்தல் வேண்டும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வரோ மண்சட்டியோ நன்று. சுண்ணாம்பை நீரிற் கரைத்துச் சோளனை இட்டு, முக்கால் மணி நேரம் மெல்ல வேகவிட்டு, மூடி ஓரிரவு வைக்கவும். காலையில் நீரை வடித்து, மூன்று நான்கு முறை தேய்த்துக் கழுவித் தோலை அகற்றவும். சுண்ணாம்பு கண்ணிற் படாது பார்த்துக்கொள்ளவும். சிறுவரை இவ்வேலைக்கு விடவேண்டா. பின்பு உப்புச் சேர்த்து, நீர் அதிகம் விடாது அரைத்து, சிறு உருண்டைகளாக்கி, வாழையிலைக்கு நடுவில் வைத்துத் தட்டிக் காய்ந்த கல்லில் எண்ணெயின்றி இருபுறமும் சுடவும். கோதுமை மாவுக்குப் பழகிய கை முதல் நான்கைந்தைக் கெடுக்கும். கெட்டதைக் கோழிக்குப் போடலாம்.

நாம் புறப்படும்போது தந்தையார் வீதி வரை உடன் வந்தார். மகனின் கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காணியின் எல்லையில் நின்ற பூவரச மரத்தைக் காட்டி, அதிலிருந்து வீதிப் பக்கம் உள்ள பாதியில் வேண்டுமானால் கொட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்றார். மறுபாதி அவருக்கு வலை உலர்த்த வேண்டுமாம்.